டைட் எண்ட் விஷயத்தில் ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி ஆடும் ஃபேன்டசி ஃபுட்பால் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்தைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அலுவலகத்திலும் அபார்ட்மென்ட்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆகஸ்ட் கடைசி வந்தால் தமிழர்கள் நாங்களும் இதே பேச்சாகத்தான் இருக்கிறோம், ஆனால் நம் மொழியில் படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கு ஒரு பத்தி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குக்கு இரண்டு பத்தி கொடுத்துவிட்டு, டைட் எண்ட் என்ற ஆளுக்கு (யார் அவர் என்று கீழே சொல்கிறேன்) ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். நடு ரவுண்டுகளில் பெயர் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டால் போதும் என்று.

அந்த ஒரு வரி தப்பு. புதிதாக ஆட வருகிறவர்கள் அதை நம்பி இந்த வாரம் டிராஃப்டில், அதாவது வீரர்களை எடுக்கும் நாளில், உட்காரப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். 2017-லிருந்து எங்கள் அலுவலக லீக்கில் ஆடுகிறேன். மொத்தம் 12 பேர், அதில் மூன்று பேர் தமிழர்கள். பணம் வைத்து ஆடுவதில்லை. ஒரு கோப்பை இருக்கிறது, ஜெயித்தவர் மேசையில் அது ஒரு வருஷம் இருக்கும், அவ்வளவுதான், ஆனால் அந்தக் கோப்பைக்காக நாங்கள் எல்லோரும் ஜூலையிலிருந்தே புள்ளிவிவரம் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

விளையாட்டைப் பற்றி அவ்வளவாகத் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். ஒவ்வொரு அணியும் சீசனில் 17 மேட்ச் ஆடும். ஃபேன்டசியில் நாம் அந்த வீரர்களை முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக எடுத்து நமக்கென்று ஒரு அணி கட்டுகிறோம், எல்லோரும் ஒரு தடவை எடுத்து முடித்தால் அது ஒரு ரவுண்டு, ஒருவர் எடுத்த வீரரை அந்த லீக்கில் வேறு யாரும் எடுக்க முடியாது, இதுதான் ட்ரீம்11 மாதிரியான ஆட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். நிஜ மேட்ச்சில் நம் வீரர்கள் செய்வதற்கு நமக்குப் புள்ளி வரும். எங்கள் லீக்கில் ஒரு கேட்சுக்கு 1 புள்ளி, முன்னேறும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதற்கு, 6. வாராவாரம் ஒரு குவாட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக், ஓடிப்போய்ப் பாஸைப் பிடிக்கும் இரண்டு வைட் ரிசீவர், ஒரு டைட் எண்ட், அப்புறம் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் வைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் என்று ஒரு இடம், கிக்கர், டிஃபென்ஸ், இப்படி இறக்க வேண்டும்.

இதில் டைட் எண்ட் யார் என்று கேட்டால், கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு விக்கெட் கீப்பரைச் சொல்லித்தான் நான் புரிய வைப்பேன். கீப்பர் என்று ஒருவரை அணியில் வைத்தே ஆக வேண்டும், அவருக்கு ரன் அடிப்பதைத் தவிர வேறு ஒரு பெரிய வேலை இருக்கிறது. சில கீப்பர்கள் ஓப்பனிங் இறங்கி சதம் அடிப்பார்கள், சில பேர் ஏழாவதாக இறங்கிப் பத்துப் பதினைந்து ரன்னோடு போய்விடுவார்கள். இரண்டு பேருமே அணிக்குத் தேவையானவர்கள்தான், ஆனால் உங்களுக்குப் புள்ளி எடுத்துத் தருபவர் ஒருவர்தான். டைட் எண்டும் அப்படித்தான். பாதி நேரம் முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேனோடு சேர்ந்து எதிராளியைத் தள்ளி நிறுத்த வேண்டும், மீதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். தள்ளி நிறுத்துவதற்கு ஃபேன்டசியில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இது எனக்குப் புரிந்தது டி.வி.யில் பார்த்து இல்லை. என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் நடக்கும். அலுமினிய பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மகனின் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த அணியின் டைட் எண்ட், எங்கள் வீட்டில் வந்து தோசை சாப்பிடுகிற பையன், அதனால் நான் பந்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். லைனின் கடைசியில், டேக்கிள் என்ற ஓரத்து லைன்மேனுக்குப் பக்கத்தில் குனிந்து வலது கையின் மூன்று விரலைப் புல்லில் ஊன்றி நிற்பான். பந்து கைமாறும் அந்த நொடியில் அவன் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தோளை இறக்கி முன்னால் இருப்பவன் மார்பில் இரண்டு கையையும் வைத்தான் என்றால் அந்த ஆட்டத்தில் அவனுக்கு ஒன்றும் இல்லை. எதிராளியை உரசிக்கொண்டே நழுவி வெளியே போனான் என்றால் ரூட் ஓடுகிறான், அதாவது பாஸைப் பிடிக்க வகுத்து வைத்த வழியில் ஓடுகிறான், பந்து வரலாம். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், முதல் பாதியில் அவன் ரூட் ஓடியது ஆறு தடவை, பந்து வந்தது ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் அவன் தள்ளிக்கொண்டே இருந்தான், இடைவேளையில் அவன் முன்கை இரண்டும் சிவந்து போயிருந்தது. அவனால்தான் அந்த அணியின் ரன்னிங் பேக் அன்றைக்கு அவ்வளவு தூரம் ஓடினான். ஆனால் ஃபேன்டசிக் கணக்கில் அவனுக்கு ஒரு கேட்ச், அவ்வளவுதான்.

என்.எஃப்.எல்.-இலும் இதே கதைதான், அதனால்தான் டைட் எண்டில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இவ்வளவு இடைவெளி. 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கன்சாஸ் சிட்டியின் ட்ராவிஸ் கெல்சி 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச் டவுன். எங்கள் கணக்கில் சுமார் 316 புள்ளி. அவருக்கு அடுத்து வந்த ஹாக்கன்சன் 86 கேட்ச், 914 யார்டு, 6 டச் டவுன், சுமார் 213. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே நூறு புள்ளி! வேறு எந்த இடத்திலும் இப்படிப் பார்ப்பது கஷ்டம். அந்த வருஷம் கெல்சியை வைத்திருந்தவருக்கு வாரத்துக்கு ஆறு புள்ளி சும்மா கூடுதலாக வந்துகொண்டே இருந்தது, எங்கள் லீக்கில் கோப்பை அவர் மேசைக்குத்தான் போனது.

இப்போது 2024-ஐப் பாருங்கள், இதைத்தான் கட்டுரை எழுதியவர் பார்த்திருக்க வேண்டும். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸின் ப்ராக் பவர்ஸ் 112 கேட்ச், 1,194 யார்டு, 5 டச் டவுன், 261 புள்ளிக்கு மேல். அரிசோனாவின் ட்ரே மெக்பிரைட் 111 கேட்ச், 1,146 யார்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிட்டில் 78 கேட்ச், 1,106 யார்டு, 8 டச் டவுன், 236. நாலாவதாக மயாமியின் ஜானு ஸ்மித். இவர்களுக்குக் கீழே கெல்சியும் மார்க் ஆண்ட்ரூஸும். அதற்கும் கீழே போனால் சாம் லபோர்ட்டா 174, ஜாக் எர்ட்ஸ் 173, பாட் ஃப்ரையர்முத் 172. நானே கேட்ச், யார்டு, டச் டவுனை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், மூன்று பேருக்கும் நடுவே இருப்பது முழு சீசனுக்கும் சேர்த்து இரண்டு புள்ளி. இதில் லபோர்ட்டாவை எங்கள் லீக்கில் மூன்றாம் ரவுண்டில் எடுத்தார்கள். எர்ட்ஸையும் ஃப்ரையர்முத்தையும் டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, செப்டம்பரில் வேவரில், அதாவது யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியலில், சும்மா கிடந்தார்கள்.

ஆக, மேலே மூன்று நாலு பேர் மலை மாதிரி நிற்கிறார்கள், அதற்குக் கீழே சமவெளி. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே இருக்கிற மாதிரி டிராஃப்டில் தெரியும் பெயர்கள், அதாவது 4-ஆம் ரவுண்டிலிருந்து 8-ஆம் ரவுண்டு வரை போகிறவர்கள், பெரும்பாலும் சமவெளியில்தான் போய் நிற்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் விலை மட்டும் பெரிய விலை, ஏனென்றால் அதே ரவுண்டில் வாராவாரம் இறக்கக்கூடிய ஒரு வைட் ரிசீவரோ ரன்னிங் பேக்கோ கிடைத்திருப்பார்.

நான் பட்டது இதுதான். 2024-இல் ஐந்தாம் ரவுண்டில் பஃபலோவின் டால்டன் கின்கெய்டை எடுத்தேன். காரணம் அப்போது நியாயமாகத்தான் தெரிந்தது. பஃபலோவின் முதல் ரிசீவராக இருந்த ஸ்டெஃபான் டிக்ஸ் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், பந்து வீசுகிறவர் ஜாஷ் ஆலன், அந்தப் பந்தெல்லாம் யாருக்காவது வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். வந்தது 44 கேட்ச், 448 யார்டு, 2 டச் டவுன். காயத்தால் நாலு மேட்ச் ஆடவில்லை. மொத்தம் 101 புள்ளி. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, காபி போட்டுக்கொண்டே வேவர் பட்டியலைப் பார்க்கிறேன், ஃப்ரையர்முத் அங்கேயே இருக்கிறார், என் பெஞ்சிலோ டைட் எண்ட் என்று கின்கெய்டைத் தவிர ஆளே இல்லை. ஐந்தாம் ரவுண்டில் எடுத்தவரை எப்படி விடுவது என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டேன். விலை கொடுத்து வாங்கியதை விட மனசு வராது, நடு ரவுண்டு டைட் எண்டின் இன்னொரு கெடுதல் அது. கடைசி ரவுண்டில் எடுத்தவரை இரண்டாவது வாரமே விட்டுவிடலாம்.

பெயரை நம்பிப் போனது அதற்கு முன்னால் 2022-இல். அட்லாண்டாவின் கைல் பிட்ஸ். 2021-இல் என்.எஃப்.எல். டிராஃப்டில் நாலாவது ஆளாக எடுக்கப்பட்டவர், ஒரு டைட் எண்ட் அவ்வளவு மேலே எடுக்கப்பட்டது அதுவரை நடந்ததே இல்லை. முதல் சீசனிலேயே 1,026 யார்டு. அடுத்த வருஷம் எல்லார் வாயிலும் அவர் பெயர்தான், நானும் மூன்றாம் ரவுண்டில் எடுத்தேன். முதல் வாரம் 2 கேட்ச், 19 யார்டு. இரண்டாவது வாரமும் அச்சு அசலாக 2 கேட்ச், 19 யார்டு. என் திரையில் 3.9, மறுபடி 3.9. பிட்ஸ் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பெரிய திறமைசாலி. அந்த சீசனில் அட்லாண்டா லீக்கிலேயே மிகக் குறைவாகப் பாஸ் வீசிய அணிகளில் ஒன்று, பந்தை ஓடியே கொண்டுபோகிற அணி. ஓடுகிற அணியில் டைட் எண்ட் என்ன செய்வார்? எங்கள் ஊர்ப் பையன் மாதிரி தள்ளிக்கொண்டிருப்பார். நான் பார்த்தது ஆளை மட்டும், அவர் எந்த அணியில் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கவில்லை. கடைசியில் 28 கேட்ச்சோடு, முழங்கால் காயத்தோடு அவர் சீசன் முடிந்தது.

அதனால் இப்போது நான் ஒரு டைட் எண்டைப் பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, இவர் அணியில் குவாட்டர்பேக் முதலில் தேடும் ஆள் இவரா, இல்லை மூன்றாவதா நாலாவதா? பவர்ஸும் மெக்பிரைடும் 2024-இல் அவரவர் அணியில் முதல் ஆள், அணியில் வேறு எவரைவிடவும் அதிகம் கேட்ச் பிடித்தவர்கள். கெல்சி தன் உச்சத்தில் அப்படித்தான் இருந்தார், 2016-லிருந்து 2022 வரை ஏழு சீசன் தொடர்ந்து ஆயிரம் யார்டு தாண்டினார், வேறு எந்த டைட் எண்டும் அதைச் செய்ததில்லை. முதல் ஆளாக இருக்கும் டைட் எண்டுக்கு மட்டும்தான் முன் ரவுண்டு விலை கொடுக்கலாம். மற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் பின்னால்தான்.

ஆள் அதே ஆளாக இருந்தாலும் அணி மாறினால் கணக்கு மாறும் என்பதற்கு ஜானு ஸ்மித்தே போதும். 2024-இல் மயாமியில் 88 கேட்ச், 884 யார்டு, 8 டச் டவுன். டிராஃப்டில் அவரை யார் எடுத்தார்கள்? எங்கள் லீக்கில் ஒருவரும் இல்லை. 2025 ஜூன் கடைசியில் அவர் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார். அங்கே ஃப்ரையர்முத் ஏற்கெனவே இருந்தார். 2025-இல் அங்கே அட்டாக்கைக் கவனித்தவர் பந்தை அதிகம் ஓடவிடும் ஆர்தர் ஸ்மித், 2022-இல் அட்லாண்டாவில் தலைமைக் கோச்சாக இருந்தவர் அவர். ஒரே அணியில் இரண்டு டைட் எண்ட் பந்தைப் பங்கு போடும்போது இரண்டு பேரும் உங்களுக்கு உதவ மாட்டார்கள். 2024 புள்ளியைப் பார்த்து 2025-இல் ஜானு ஸ்மித்தை யாராவது சீக்கிரம் எடுத்தால் நான் வருத்தப்படுவேன்.

அப்புறம் டச் டவுன். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2024-இல் மார்க் ஆண்ட்ரூஸ் பிடித்தது 55 கேட்ச்தான், ஆனால் 11 டச் டவுன். மெக்பிரைட் பிடித்தது 111, டச் டவுன் பாஸ் இரண்டே இரண்டு, அதிலும் முதலாவது வந்ததே 17-ஆவது வாரத்தில். அந்த வாரம் எங்கள் லீக்கில் இறுதிப் போட்டி, மெக்பிரைடை வைத்திருந்த என் சக ஊழியர் சீசன் முழுக்கக் காத்திருந்து அன்றைக்கு அந்தப் பந்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாராம். டச் டவுன் வருஷத்துக்கு வருஷம் ஏறும் இறங்கும், பாஸ் எத்தனை தன் பக்கம் வருகிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. லபோர்ட்டா 2023-இல் 10 டச் டவுன் அடித்து முதல் இடத்தில் இருந்தார், அதே வருஷம் ஜாக்சன்வில்லில் இருந்த எவன் எங்ரம் 4 டச் டவுன்தான் அடித்தார், ஆனால் 114 கேட்ச், இரண்டு பேருக்கும் புள்ளி கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்த வருஷம் லபோர்ட்டாவை மூன்றாம் ரவுண்டுக்கு ஏற்றியது அந்த 10 டச் டவுன். 111 கேட்ச்சும் 2 டச் டவுனும் ஒரு பக்கம், 55 கேட்ச்சும் 11 டச் டவுனும் ஒரு பக்கம் என்று வைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 111-ஐத்தான் எடுப்பேன்.

முதல் வருஷ வீரர்களைத் தொடவே கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. அதற்குக் காரணமும் இருந்தது. பிளாக் செய்வது (தள்ளி நிறுத்துவது), ரூட் ஓடுவது இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால் டைட் எண்டுகள் தேறிவர இரண்டு மூன்று வருஷம் ஆகும். சிகாகோவின் மைக் டிட்கா 1961-இல் முதல் சீசனிலேயே 1,076 யார்டு எடுத்தார், முதல் வருஷ டைட் எண்டுகளில் அந்த சாதனை 63 வருஷம் நின்றது. 2024-இல் பவர்ஸ் அதை உடைத்தார். அதோடு எந்த இடத்தில் ஆடினாலும் முதல் வருஷ வீரர் ஒருவர் பிடித்த அதிக கேட்ச் என்ற சாதனையும் இப்போது அவருடையது. 2023-இல் லபோர்ட்டா, 2024-இல் பவர்ஸ் என்று தொடர்ந்து இரண்டு வருஷம் முதல் இடத்தில் வந்தது முதல் சீசன் ஆடிய பையன்கள். அந்த இரண்டு பேரையும் எங்கள் லீக்கில் பின் ரவுண்டுகளில்தான் எடுத்தார்கள். 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் சிகாகோ 10-ஆவது ஆளாக கோல்ஸ்டன் லவ்லண்டையும், இண்டியானாபொலிஸ் 14-ஆவது ஆளாக டைலர் வாரனையும் எடுத்தார்கள். 2025-இல் சிகாகோவுக்கு வந்த கோச் பென் ஜான்சன், டெட்ராய்ட்டில் லபோர்ட்டா ஆடிய அட்டாக்கை நடத்தியவர். இருந்தாலும் எனக்கு வாரன் மேல்தான் ஒரு கண், கல்லூரியில் அவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பந்தைக் கொடுத்தார்கள், அப்படிப்பட்டவரை ஒரு அணி வெறும் தள்ளுகிற வேலைக்கு வைத்துக்கொள்ளாது.

நான் சொல்லும் வழி இதுதான். இரண்டாவது மூன்றாவது ரவுண்டில் அந்த மேல் வரிசையில் ஒருவர் உங்கள் முறைக்கு வந்தால் தைரியமாக எடுங்கள். வரவில்லையா, பதற வேண்டாம், அடுத்த ஆறேழு ரவுண்டுக்கு டைட் எண்ட் பக்கமே போகாதீர்கள், ரன்னிங் பேக்கும் ரிசீவரும் சேருங்கள். பத்தாவது ரவுண்டுக்கு மேல் இரண்டு டைட் எண்டாக எடுங்கள், ஒருவர் ஒழுங்காக நாலைந்து கேட்ச் பிடிக்கும் அனுபவசாலி, இன்னொருவர் வெடித்தால் பெரிதாக வெடிக்கக்கூடிய இளைஞர். மூன்று வாரம் பாருங்கள். எத்தனை ரூட் ஓடுகிறார், எத்தனை தடவை பந்து அவர் பக்கம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். சரிப்படாதவரை விட்டுவிட்டு வேவரில் புது ஆளை எடுங்கள்.

முன்னாலேயே எடுப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023-இல் எங்கள் லீக்கில் ஒருவர் முதல் ரவுண்டிலேயே கெல்சியை எடுத்தார். சீசனின் முதல் மேட்ச் வியாழக்கிழமை, செவ்வாய்க்கிழமை பயிற்சியில் கெல்சிக்கு முழங்காலில் அடி, அந்த மேட்ச்சே ஆடவில்லை. அந்த வருஷம் அவர் 984 யார்டு, 5 டச் டவுனோடு முடித்தார், கெட்ட சீசன் என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் ரவுண்டு விலைக்கு அது போதவில்லை. அப்போதே அவருக்கு வயது 33, சீசன் நடுவில் 34. அதனால் முதல் ரவுண்டு என்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது ரவுண்டுதான் என் எல்லை, அதுவும் வயது முப்பதுக்குக் கீழே இருந்தால்.

உங்கள் லீக்கின் விதியையும் டிராஃப்டுக்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். சில லீக்கில் கேட்ச்சுக்குப் புள்ளியே கிடையாது, சிலதில் அரைப் புள்ளி, சில இடங்களில் டைட் எண்டுக்கு மட்டும் ஒன்றரைப் புள்ளி கொடுப்பார்கள். ஒன்றரைப் புள்ளி லீக்கில் நூறு கேட்ச் பிடிக்கும் டைட் எண்டுக்குக் கூடுதலாக ஐம்பது புள்ளி வந்துவிடும், அங்கே பவர்ஸை முதல் ரவுண்டில் எடுத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதேபோல யார் டைட் எண்ட் என்பதை ஆப் முடிவு செய்யும், உங்கள் கண் முடிவு செய்யாது. நியூ ஆர்லியன்ஸின் டைசம் ஹில் 2022-இல் சியாட்டிலுக்கு எதிரான ஒரே மேட்ச்சில் பந்தை ஓடிக் கொண்டுபோய் மூன்று டச் டவுன், பாஸ் வீசி ஒன்று என்று நாலு டச் டவுனுக்குக் காரணமாக இருந்தார். பல லீக்கில் அவர் டைட் எண்ட் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புள்ளியை வாங்கிக் கொடுத்தார்.

இதை நினைக்கும்போது ஜிம்மி கிரஹாம் ஞாபகம் வருகிறது. 2013-இல் நியூ ஆர்லியன்ஸுக்காக 16 டச் டவுன் அடித்தார். பெரும்பாலும் லைனை விட்டு விலகித்தான் நின்று ஆடுகிறேன், அதனால் நான் வைட் ரிசீவர், அந்தச் சம்பளம்தான் எனக்கு வேண்டும் என்று 2014-இல் கேட்டார். டைட் எண்ட் கணக்கில் சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவர் கணக்கில் சுமார் 1 கோடியே 23 லட்சம். விசாரித்த நடுவர், இல்லை, நீங்கள் டைட் எண்ட்தான் என்று சொல்லிவிட்டார். பந்து பிடிக்கிற டைட் எண்ட் எவ்வளவு அபூர்வம், அவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு குறைவு என்பது அந்த வழக்கிலேயே இருக்கிறது. கிரஹாம் கல்லூரியில் பெரும்பாலும் ஆடியது கூடைப்பந்து. ஆன்டனியோ கேட்ஸும் அப்படியே, எங்கள் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட்டில் கூடைப்பந்து ஆடியவர், கல்லூரியில் ஃபுட்பால் ஒரு மேட்ச்கூட ஆடாதவர். 2003 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 116 டச் டவுன் பாஸ் பிடித்தார், டைட் எண்டுகளில் இதுவரை அதுதான் அதிகம். 2025 ஆகஸ்ட் 2-ஆம் தேதி எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கேன்டன் நகரில், மிகச் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். அந்த விழாவை மகனோடு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். யாருமே எடுக்காத ஒருவர் அங்கே நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 2025 சீசன் செப்டம்பர் 4-ஆம் தேதி தொடங்குகிறது, அதற்குள் டைட் எண்டுக்கென்று இன்னொரு அரைப் பக்கம் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள், முடியாவிட்டால் இந்தக் கடிதத்தையாவது போடுங்கள். எங்கள் டிராஃப்ட் ஆகஸ்ட் 31, ஞாயிறு சாயங்காலம். எனக்கு ஒன்பதாவது இடம் விழுந்திருக்கிறது, 12 பேர் லீக்கில் வரிசை ஒவ்வொரு ரவுண்டிலும் பாம்பு மாதிரி வளைந்து திரும்பி வருவதால் அடுத்தது 16-ஆவது, அப்புறம் 33, 40. பதினாறாவதில் பவர்ஸ் இருந்தால் எடுத்துவிடுவேன். 33-இல் மெக்பிரைட் இருந்தால் அவரை. இரண்டு பேரும் போய்விட்டால் பத்தாம் ரவுண்டு வரை காத்திருந்து வாரனும் இன்னொருவரும் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஐந்தாம் ரவுண்டு என்ற இடத்தில் டைட் எண்ட் வேண்டாம் என்று மகன் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
கொலம்பஸ், ஒஹாயோ